தூக்கத்துக்கு ஊதிப் பார்க்க மெஷின் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் வரிசையாக ரத்தானதில் இருந்து உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரே பல்லவியைத்தான் பார்க்கிறேன். விமானிகளுக்கு ஓய்வு கொடுக்கப் போய்த்தான் நமக்கு இந்தக் கதி, லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏசியில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அப்படி என்ன களைப்பு என்று. எனக்கு ஊர் சங்ககிரி, லாரித் தொழில் குடும்பம். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் விமானிகளின் அந்த ஓய்வு விதி திடீரென்று முளைத்ததாகச் சொல்வது தப்பு. விமானத் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அதை அறிவித்தது 2024 ஜனவரியில். வார ஓய்வு 36 மணி நேரம் என்று இருந்ததை 48 ஆக்கினார்கள், இரவு என்பதை நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை என்று ஒரு மணி நேரம் நீட்டினார்கள், இரவுப் பணியில் 6 முறை வரை தரையிறக்கலாம் என்று இருந்ததை 2 ஆகக் குறைத்தார்கள். அந்த வருடம் ஜூனிலேயே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் முரண்டு பிடித்து, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2025 ஜூலையில் பாதி, நவம்பரில் மீதி என்று தவணை முறையில் வந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் கையில் இருந்தும் ஆள் சேர்க்காமல் இருந்துவிட்டு, விமானம் நின்றதும் பழி விதி மேல் விழுந்தது. இண்டிகோவுக்கு இரவுப் பணி விதிகளில் 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கிடைத்தது. சரி, அதை விடுங்கள். மணிக்கணக்கு விதியைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் சொல்ல வந்தது வேறு.

நம் நாட்டில் விமானிகளுக்குப் பணிக்கு முன்னால் ஊதிப் பார்க்கும் சோதனை உண்டு. துளி சாராயம் இருந்தாலும் விமானத்தில் கால் வைக்க முடியாது. நல்லது. ஆனால் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் மூளையும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகின்றன என்று 1997லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வரம்பே 0.03தான். அதாவது அந்த நிலையில் பைக் ஓட்டினால் பெருந்துறை ரோட்டில் பிடித்து ஃபைன் போடுவார்கள். அதிலும் அதிகாலை 2 மணியில் இருந்து 6 மணி வரை உடம்பு இன்னும் தொய்ந்து போகும், எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் சரி. சாராயத்தைக் கண்டுபிடிக்க மெஷின் இருக்கிறது, தூக்கத்துக்கு இல்லை. "சார், இன்னிக்கு என்னால முடியாது" என்று அந்த ஆள் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தால் சொல்ல மாட்டார். இவ்வளவுதான் விஷயம்.

எங்கள் தொழிலில் இந்தப் பயத்தைத் தினமும் பார்க்கலாம். நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் டிரைவர் ராத்திரி ஒரு மணிக்கு போன் பண்ணி, "ஏனுங்கண்ணா, கண்ணு சொக்குதுங்க, ரெண்டு மணி நேரம் ஓரங்கட்டிட்டுப் போறேனுங்க" என்பார். ஓனர் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "பாத்துக்க தம்பி, பார்ட்டி காலைல லோடு இறக்கணும்னு நிக்கிறான், ஒரு டீயக் குடிச்சுட்டு மெதுவா வா" என்பார். அதட்டலே கிடையாது, பேச்சு முழுக்கக் கனிவுதான். ஆனால் அடுத்த முறை அந்த டிரைவர் போன் பண்ண மாட்டார், டீயைக் குடித்துவிட்டு ஓட்டுவார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைதான் என்று 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டாயிற்று, அது புத்தகத்தில் பத்திரமாக இருந்ததோடு சரி. 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி பக்கத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று நடுத்தடுப்பைத் தாண்டி வந்து கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் செத்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லாரி டிரைவர் கண்ணயர்ந்துவிட்டதாகத்தான் அன்றைக்குச் செய்தி.

வானத்திலும் இதேதான். 2010 மே 22 அன்று துபாயில் இருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள், பிழைத்தது எட்டே பேர். காக்பிட் ஒலிப்பதிவில் கேப்டனின் குறட்டைச் சத்தம் இருந்தது. அந்த ஒலிப்பதிவின் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் கிட்டத்தட்ட முழுக்க அவர் தூக்கத்தில் இருந்திருக்கிறார். விழித்ததும் மூளை முழுதாகத் தெளியாத அந்த மந்தத்தில், தேவையான உயரத்தை விட மேலேயே இருந்துகொண்டு இறக்கப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்த துணை விமானி 'கோ அரவுண்ட்', அதாவது இறக்காமல் மறுபடி மேலே ஏற்றுங்கள் என்று மூன்று முறை சொல்லியும் எடுபடவில்லை. தூங்கிய மூத்தவர் ஒரு பக்கம், அவர் காதில் ஏறும்படி சொல்ல முடியாத இளையவர் ஒரு பக்கம். 2024 ஜனவரியில் இந்தோனேசியாவில் பாட்டிக் ஏர் விமானத்தில் விமானிகள் இரண்டு பேருமே 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். துணை விமானியின் வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள், மனுஷன் எங்கே தூங்கியிருப்பார்? 153 பயணிகளும் அதிர்ஷ்டத்தில் தப்பினார்கள்.

சரி, அப்புறம் எப்படித்தான் சொல்ல வைப்பது? அமெரிக்காக்காரர்கள் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ என்ற நிறுவனத்தின் விமானம் ஒன்று வாஷிங்டன் பக்கத்தில் மலையில் மோதி, உள்ளே இருந்த 92 பேரும் இறந்தார்கள். எந்த உயரம் வரை இறங்கலாம் என்பதில் விமானிகளுக்கு ஒரு குழப்பம். இதில் வயிறு எரிகிற விஷயம், ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு முன்பே யுனைடெட் என்ற இன்னொரு நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே குழப்பத்தில் அதே மலையில் இடிக்காமல் நூலிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது, ஆனால் விவரம் டிடபிள்யூஏ விமானிகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதற்கப்புறம் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பு, உங்கள் தப்புகளை எங்களிடம் சொல்லுங்கள், தண்டிக்க மாட்டோம் என்று அறிவித்துப் பார்த்தது. லைசென்ஸைப் பறிக்கிற ஆளிடமே போய் யார் தன் தப்பைச் சொல்வார்கள்? ஆகவே 1976ல் அந்த வேலையை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசாவுக்கு யாரையும் தண்டிக்கிற அதிகாரம் கிடையாது. விமானி எழுதி அனுப்பும் படிவத்தில் பெயர், முகவரி இருக்கும் துண்டைக் கிழித்து, தேதி முத்திரை போட்டு அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மீதிக் காகிதத்தில் சம்பவம் மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்காது. விபத்தோ குற்றமோ வேண்டுமென்றே செய்ததோ இல்லாத பட்சத்தில், பத்து நாளுக்குள் எழுதி அனுப்பியிருந்தால் அபராதமோ லைசென்ஸ் முடக்கமோ வராது. இதுவரை 20 லட்சத்துக்கும் மேல் அறிக்கைகள் வந்திருக்கின்றன.

நம் புதிய விதியிலும் நல்ல வரி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விமானிகள் தரும் களைப்பு அறிக்கைகளையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனங்கள் டிஜிசிஏவிடம் கொடுக்க வேண்டும், அறிக்கை கொடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறிக்கை முதலில் போய்ச் சேருவது அந்த ஆளுக்கு ரோஸ்டர் (பணி அட்டவணை) போடுகிற நிறுவனத்துக்கே. அடுத்து போவது லைசென்ஸ் கொடுக்கவும் பறிக்கவும் கூடிய டிஜிசிஏவுக்கு. விமானிகள் களைப்பு என்று எழுதுவதை விட்டுவிட்டுக் காய்ச்சல், வயிற்று வலி என்று சிக் லீவ் போடுகிறார்கள் என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பயணிகளான நம் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மும்பையில் இருந்து கோவை வரும் கடைசி விமானத்துக்காக உட்கார்ந்திருந்தோம். முதலில் தாமதம், பிறகு மறுபடி தாமதம், கடைசியில் விமானிகளின் பணி நேரம் முடிந்துவிட்டது, மாற்று ஆள் வர வேண்டும் என்றார்கள். கவுன்டரில் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். பனியன் கம்பெனிக்காரர் போல இருந்த ஒருவர் மேஜையைத் தட்டி, "இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டுனா பைலட் தேஞ்சா போயிருவான்?" என்றார். சுற்றி இருந்த பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். அதே ஆள், தன் கார் டிரைவர் கொட்டாவி விட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பார்.

ஆகவே என் கோரிக்கை இரண்டுதான். ஒன்று, களைப்பு அறிக்கைகளை வாங்க நாசா மாதிரித் தண்டிக்கிற அதிகாரம் இல்லாத தனி அமைப்பு வேண்டும், பெயர் நீக்கிய சுருக்கத்தைப் பொதுமக்கள் படிக்கிற மாதிரி வெளியிட வேண்டும். கோவை பீளமேடு விமான நிலையத்தில் விடியற்காலை வந்து இறங்கும் ஷார்ஜா விமானத்தில் போய்வருகிற நம் ஆட்களின் குடும்பங்களுக்கு இதைப் படிக்க உரிமை இருக்கிறது. இரண்டாவது உங்களுக்கு. அடுத்த முறை 'விமானிகள் மறுத்ததால் பயணிகள் அவதி' என்று தலைப்புப் போடுவதற்கு முன்னால், அந்த விமானி அன்றைக்கு எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கினார், அதற்கு முந்தைய இரவுகளில் எங்கே பறந்துகொண்டிருந்தார் என்பதை உங்கள் நிருபரை நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல மறுத்தால் அதையும் அதே செய்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்