பவுல் வீட்டிலும் ஒரு நோயாளி இருந்தார்

அன்புள்ள அக்கா,

போன மாதம் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் அனுப்பினேன். “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்.” பின்னால் சூரிய உதயம், ஓரத்தில் ஒரு புறா. அன்று செவ்வாய்க்கிழமை என்று எனக்குத் தோன்றவே இல்லை. விடியற்காலையில் அத்தானைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றி, டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். மத்தியானம் பதில் வந்தது: “பவுல் வீட்டில் யாருக்காவது கிட்னி போயிருந்ததா?”

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் வெட்கமாகிவிட்டது.

பதில் தேடி, அந்த வசனம் வருகிற பிலிப்பியர் நிருபத்தை, அதாவது பிலிப்பி ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தை, எடுத்தேன். மொத்தமே 4 அதிகாரம், 104 வசனம். ஓய்வுநாள் பள்ளியிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டே வளர்ந்தவன் நான். ஒரு மனுஷன் எழுதிய கடிதமாக, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தது இப்போதுதான்.

எழுதியவர் விலங்கோடு இருக்கிறார். ரோமாபுரியில் என்பது பழைய வழக்கு. எபேசு என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் கைதிக்கு உறவோ சிநேகிதமோ கொண்டுவந்து கொடுத்தால்தான் வயிறு நிறையும். பிலிப்பி சபையார் உதவி சேர்த்து எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். வந்த மனுஷன் சாகக்கிடக்கிறார். ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். கிட்னியா காய்ச்சலா என்று எழுதவில்லை, ஆனால் பவுலின் பக்கத்திலும் ஒரு நோயாளி இருந்தார்.

அவர் பிழைத்ததைப் பற்றிப் பவுல் எழுதுவதைப் பாருங்கள். “துக்கத்தின்மேல் துக்கம்” எனக்கு வராதபடி தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார். மேலே இன்னொன்று வராமல் தப்பித்தாராம். அப்படியானால் அடியில் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அடுத்த வசனத்தில், அவரை ஊருக்கு அனுப்புவது “என் துக்கம் குறையவும்” என்கிறார். குறைய என்கிறார், தீர என்று சொல்லவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு சொல்கிறேன் என்று வேறு எழுதுகிறார். ஜெபக்கூட்டத்தில் உங்களிடம் “அழுதால் விசுவாசம் குறைவு” என்று சொன்னவர் இந்த வசனங்களைத் தாண்டிப் போய்விட்டார் போல. நானும் தாண்டித்தான் போயிருந்தேன்.

சரி, அப்படியானால் “எப்பொழுதும்” எப்படி? அந்தச் சொல் “கர்த்தருக்குள்” என்பதில் சாய்ந்து நிற்கிறது. கிரியாட்டினின் ரிப்போர்ட்டில் சாய்ந்தால் ஒரு வாரம்கூட நிற்காது. அதற்கு அடுத்தே “கர்த்தர் சமீபமாயிருக்கிறார்” என்று வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் “கற்றுக்கொண்டேன்” என்கிறார். எனக்கு மிகவும் ஆறுதலான சொல் இது. அவருக்கும் அது ஒரே நாளில் வந்துவிடவில்லை.

ஸ்தோத்திரப் பண்டிகையில் எல்லோரும் கைதட்டிப் பாட, வாயே திறக்க முடியவில்லை, சந்தோஷம் செத்துப்போச்சு என்று போனில் சொன்னீர்கள். அதே போனில் இன்னொன்றையும் சொன்னீர்கள், நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு மணி நேரம் மிஷின் ஓடும்போது அத்தான் காதருகே தணிந்த குரலில் ஞானப்பாட்டு பாடுவேன், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் முஸ்லிம் பெரியவர் “இன்னொரு தடவை பாடும்மா” என்பார் என்று. அப்போஸ்தலர் 16ஐ எடுத்துப் பாருங்கள். பிலிப்பிச் சிறையில் அடிபட்டு, கால் தொழுமரத்தில் மாட்டிக்கிடக்க, பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள். நம் பிரசங்கங்கள் அங்கிருந்து நேரே பூமியதிர்ச்சிக்கு ஓடிவிடும். நடுவில் ஒரு வரி உண்டு: காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ராத்திரியே சிறைச்சாலைக்காரன் அவர்கள் காயத்தைக் கழுவி, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வைத்தான். பல வருஷம் கழித்து நிருபம் போய்ச் சேர்ந்தது அதே ஊர்ச் சபைக்குத்தான். அதை வாசிக்கும்போது அவனும் உட்கார்ந்து கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

இன்னொன்று, அக்கா. “சந்தோஷமாயிருங்கள்” என்பதை நாம் மரியாதைக்குச் சொன்னதாக வாசித்துவிடுகிறோம். கிரேக்கத்தில் அது பன்மை. ஒரு சபைக்கே சொன்னது. விடியற்காலை பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கும் உங்கள் ஒருத்தர் தலையில் அதைத் தூக்கி வைத்தது நாங்கள்தான். நீங்கள் வசனம் கேட்கவில்லை, நான் அனுப்பினேன். ஒரு ஆள் தேவைப்பட்டது, யாரும் வரவில்லை.

அதனால் வருகிற வியாழக்கிழமை அத்தானோடு நான் போகிறேன். லீவு சொல்லிவிட்டேன். நீங்கள் வீட்டில் படுத்துத் தூங்குங்கள். அத்தான் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், டிபனுக்கு என்ன கொடுக்கலாம் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். பக்கத்துக் கட்டில் பெரியவர் பாட்டு கேட்டால் என்ன செய்வது என்றுதான் யோசனை. என் குரல் உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் தம்பி