வட்டார அலுவலகத்தில் இருக்கும் என் தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தபோது பள்ளிக்கூட வாசலில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். மூன்று நாளாக விடாத மழை, கலெக்டர் விடுமுறை விட்டிருந்தார், சத்துணவு அரிசி நனைந்திருக்குமோ என்று பார்க்க நான் மட்டும் போயிருந்தேன். தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து கொடுத்துவிட்டுப் போனார். கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் குருக்கத்தி ஆசிரியர் பயிற்சி விடுதி ஞாபகம்தான். கரண்ட் போன ராத்திரிகளில் ஒரே மெழுகுவர்த்தியை நடுவில் வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் பாடக்குறிப்பு எழுதுவோமே, அப்பவே உன் எழுத்து இப்படித்தான் சாய்ந்து சாய்ந்து ஓடும்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மகள் திருச்சியில் வேலையில் இருக்கிறாள், தீபாவளிக்கு வந்து போனாள். நேரடி விதைப்பில் போட்ட சம்பா ஒரு சாண் வந்திருக்கிறது, தண்ணீர் சீக்கிரம் வடியவில்லை என்றால் அழுகிவிடும், வீட்டுக்காரர் வடிகாலை வெட்டிவிடவே மண்வெட்டியோடு நிற்கிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "வட்டாரக் கல்வி அலுவலராகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது, என் கையால் ஒரு பள்ளிக்கூடத்துக்காவது நிஜமான உதவி போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை, நீ சொல்லு" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இரண்டு ராத்திரி யோசித்தேன். உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. எனக்கு எந்த உதவி உதவியாக இருந்தது என்று யோசித்து, அதை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி உனக்குத் தெரியும், ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்பு, 41 பிள்ளைகள். போன வருஷம் இரண்டாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள் அரும்பு என்கிற முதல் நிலையிலேயே நின்றுவிட்டார்கள். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் நடத்துகிறோம், பயிற்சி நூல் இருக்கிறது, அட்டைகள் இருக்கின்றன, எல்லாம் இருந்தும் இந்த ஏழு பேருக்கும் 'கொக்கு' என்று எழுதினால் 'கெக்கு' என்றுதான் வாசிப்பு வரும். பக்கத்தில் நிற்கும் கால் குறியை (ா) அவர்கள் தனி எழுத்தாகப் பார்த்தார்கள். நானும் தினமும் திருத்தினேன், ஒரு பயனும் இல்லை.

அப்போது வட்டார வள மையத்திலிருந்து, ஆசிரியர்களுக்கு வழிகாட்டுகிற ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். சின்ன வயசுப் பெண், வந்ததும் பதிவேடு கேட்கவில்லை. அந்த ஏழு பேருடன் தரையில் உட்கார்ந்தார். பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து ஒன்றில் ஒற்றைக் கொம்பு, ஒன்றில் 'க', ஒன்றில் கால் எழுதி மூன்று பிள்ளைகள் கையில் கொடுத்து வரிசையாக நிற்கவைத்தார். கால் வைத்திருந்த பையனை வெளியே ஓடச் சொன்னார். மிச்சம் இருப்பது என்ன? 'கெ'. பையன் திரும்ப ஓடிவந்து ஒட்டிக்கொண்டு நின்றான். இப்போ? 'கொ'. இப்படியே ஓடுவதும் வருவதுமாக ஒரு மத்தியானம் முழுக்க. அப்புறம் 'க' வைத்திருந்தவளை உட்காரவைத்து 'ப' வைத்திருந்தவளை நடுவில் நிறுத்தினார். நாலு மணிக்குள் ஏழில் ஐந்து பேர் 'கொடி', 'பொரி', 'தொட்டி' எல்லாம் வாசித்துவிட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் போட்டிருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லையே!

அந்த ஒரு மத்தியானத்தில் எனக்குக் கிடைத்தது நான் போன பல மூன்று நாள் பயிற்சிகளில் கிடைத்ததில்லை. பயிற்சியைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே, சொல்லித்தருகிறவர்கள் நன்றாகத்தான் சொல்லித்தருகிறார்கள். ஆனால் அங்கே என் ஏழு பிள்ளைகள் இல்லை. அதனால் உன்னிடம் முதலில் கேட்பது இதுதான்: உன் வட்டாரத்தில் இருக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களை வகுப்பறைக்குள் இருக்கவிடு. அவர்கள் உன் நேர் அதிகாரத்தில் இல்லை, அவர்கள் இருக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வேறு வழியில் வருகிறது என்று நீ சொல்வாய், தெரியும். ஆனாலும் வள மைய மேற்பார்வையாளரும் நீயும் மாதம் ஒருநாள் உட்கார்ந்து எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு திணறுகிறது என்று பேசினாலே அந்தப் பயிற்றுநர்களின் கால்கள் சரியான பள்ளிக்கூடத்துக்குப் போகும். இங்கே பார், புள்ளிவிவரம் சேகரிக்கவும், விழா ஏற்பாட்டுக்கும், போட்டோ எடுத்து அனுப்பவுமே அவர்களுடைய பாதி நாள் போய்விடுகிறது. அந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு நூற்றுக்கு 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநில அரசு. 2024-25-ல் பிஎம் ஸ்ரீ என்கிற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தைக் காரணமாக வைத்து ஒன்றிய அரசின் பங்கு 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றதே, அந்தப் பணத்தை நம்பித்தான் இப்படிப்பட்ட பயிற்றுநர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு நம்மால் முடிந்தது வேலைக்குரிய மரியாதை, வேலை செய்ய நேரம்.

இரண்டாவது, பயிற்சி நாட்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருத்தி பயிற்சிக்குப் போனால் இன்னொருத்தி ஐந்து வகுப்பையும் பார்க்கவேண்டும், காலை உணவைச் சுவைத்துப் பார்த்துப் பதிவு போடவேண்டும், ஆப்பில் வருகை ஏற்றவேண்டும், மதியம் முட்டை எண்ணவேண்டும். போன ஆடி மாதம் நான் தனியாக இருந்த அன்றைக்கு ஒரு பையன் வேப்பமரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மிச்சம் நாற்பது பிள்ளைகளை யார் பார்ப்பது? சத்துணவு அமைப்பாளர் அக்கா ஆட்டோவில் அவனைக் கூட்டிப்போனார், நான் வாசலிலேயே நின்றேன். அதனால், ஈராசிரியர் பள்ளிகளுக்குப் பயிற்சி போடும்போது பக்கத்து நடுநிலைப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப் பணியில் அனுப்பிவிட்டு அப்புறம் கூப்பிடச் சொல். பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவள மைய அளவில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் போதும், யார் போகிறார், யார் வருகிறார் என்று. உன் பக்கம் சித்தேரி மலை மேலே இருக்கும் பள்ளிகளுக்கு இது இன்னும் கஷ்டம், அங்கே பஸ்ஸே எப்போதாவதுதானே?

அப்புறம் எஸ்.ஆர்., அதாவது பணிப்பதிவேடு. இதை எழுதவே எனக்குக் கோபம் வருகிறது. என்னுடன் முன்பு வேலை பார்த்த டீச்சருக்கு இரண்டு வருஷ ஊதிய உயர்வு பணிப்பதிவேட்டில் பதியாமலே விட்டுப்போயிற்று. ஒரு அலுவலகத்துக்கு எட்டுத் தடவை நடந்தார், ஒவ்வொரு தடவையும் தற்செயல் விடுப்பு போட்டு. எழுத்தர் மாறினார், கோப்பு மாறியது, பதிவேடு எந்த பீரோவில் என்றே யாருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெறும் மாதம் பென்ஷன் தாள் போடும்போதுதான் அது வெளியே வந்தது. ஆசிரியருக்கு உதவி என்றால் எல்லோரும் பாடம் நடத்துவதைத்தான் நினைக்கிறார்கள், ஆனால் மனசில் இந்தக் கவலை இருந்தால் பாடம் எப்படி நடக்கும்? நீ வருஷத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு குறுவள மையமாக எஸ்.ஆர். புத்தகங்களை எடுத்துப்போய், ஆசிரியர்கள் கண்முன்னாலேயே பதிவு போட்டுக் கையெழுத்து வாங்கு. உனக்கு இது முடியும்.

இன்னொன்று, பள்ளி விவரமெல்லாம் ஏற்றிவைக்கிற எமிஸ் இணையதளத்தில் ஏற்கெனவே இருப்பதை வாட்ஸ்அப்பில் திரும்பக் கேட்காதே. சமூகவாரியாக எண்ணிக்கை, ஆதார் எண்ணிக்கை, வங்கிக் கணக்கு எண்ணிக்கை, "இன்று மாலை 4 மணிக்குள்" என்று வரும். மூன்று மணிக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போது அந்தச் செய்தி வந்தால் அன்றைக்குக் கணக்கு அவ்வளவுதான். உன் அலுவலகத்தில் யாராவது ஒருவர் எமிஸைத் திறந்து பார்த்தால் பத்து நிமிஷ வேலை.

பள்ளிக்கு வருஷா வருஷம் வரும் மானியத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். எங்களுக்கு 31 முதல் 100 பிள்ளைகள் வரைக்குமான 25,000 ரூபாய், அதில் 10 சதவீதம் தூய்மைக்கு. முப்பதுக்கோ அதற்குக் கீழேயோ போனால் 10,000 என்று ஆகிவிடும், அதனால் ஜூன் மாதம் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கைக்குப் பேசுகிறோம். பணம் கொஞ்சம்தான், ஆனால் அதை எதற்குச் செலவழிக்கலாம், பில் எப்படி வைக்கவேண்டும் என்று தெரியாமல் பயந்து கடைசி மாதத்தில் கண்டதை வாங்கிவைக்கும் தலைமையாசிரியர்கள் நிறைய. ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடு.

எங்கள் மூன்றாம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை ஒன்று இருக்கிறாள். வள மையத்தில் இயன்முறை மருத்துவர் வாரம் ஒருநாள் பார்க்கிறார், ஆனால் அவள் அம்மா நடவு, களை பறிப்பு என்று கூலிக்குப் போகிறவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற எல்லா வாரமும் முடியாது. சிறப்பாசிரியர் பள்ளிக்கே வந்தார். பென்சிலில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கட்டிக் கொடுத்தார், அவள் விரல் வழுக்காமல் பிடிக்கிறது. இப்போது தன் பேரை எழுதுகிறாள், முதல் எழுத்து மட்டும் பெரிசாக, பாதி பக்கத்துக்கு. செலவு? பஞ்சர் கடைக்காரர் சும்மா கொடுத்தார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், 2004 ஜூலை 16. நாம் இரண்டு பேரும் வலங்கைமான் பக்கம் ஒரு பயிற்சியில் இருந்தோம், டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிகிறது என்று சொன்னார்கள். 94 பிள்ளைகள். அன்றைக்கு நீ பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் கண்முன் நிற்கிறது. இப்போது நீ பார்வைக்குப் போகிற அதிகாரி. எந்தப் பள்ளிக்குப் போனாலும் பாடக்குறிப்பேட்டைத் திறக்கும் முன்னால் சமையல் கூடத்தைப் பார், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார், மாடிப்படி அகலத்தைப் பார்.

நல்ல உதவி எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு கஜா புயல்தான் ஞாபகம் வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் பள்ளியில் அறுபது பேர் தங்கியிருந்தார்கள், ஓடு பாதி பறந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பீரோவைத் திறந்தால் சேர்க்கைப் பதிவேடு பஞ்சு மாதிரி ஊறிக்கிடந்தது. எழுபது வருஷத்துப் பேர்கள். நானும் என் சக ஆசிரியையும் அதைத் தாள் தாளாகப் பிரித்து நடுவில் பழைய செய்தித்தாள் வைத்து ஒன்பது நாள் காயவைத்தோம். அரிசி, பாய், மெழுகுவர்த்தி எல்லாம் நிறையப் பேர் கொண்டுவந்தார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு குறுவள மையத்து ஆசிரியர்கள் வேன் பிடித்து வந்தார்கள் பார், அவர்கள் கொண்டுவந்தது வெற்றுப் பதிவேடுகள், வருகைப் பதிவேடு, டிசி புத்தகம், ஸ்டாம்ப் பேடு, ஒரு டப்பா சாக்பீஸ். ஒரு தலைமையாசிரியருக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று இன்னொரு தலைமையாசிரியருக்குத்தான் தெரியும். பிரிந்துபோகாத பக்கங்களை அவர்களே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் புதுப் பதிவேட்டில் எழுதிக்கொடுத்தார்கள். உன் வட்டாரத்துப் பள்ளிகளையும் இப்படி ஒன்றுக்கொன்று கோத்துவிட முடியுமா என்று யோசி.

கடைசியாக ஒன்று. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் சொன்ன தீர்ப்பால் ஐந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் பாக்கி இருக்கிறவர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதித் தேறவேண்டும். எனக்கு நாலு வருஷம்தான் பாக்கி, தப்பித்தேன். என் சக ஆசிரியைக்கு 47 வயது, இருபது வருஷமாக ஒன்றாம் வகுப்புக்கு அவ்வளவு அழகாகப் பாடம் நடத்துகிறவர், இப்போது ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தை மேம்பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிறார். ஐந்து பகுதி, பகுதிக்கு 30 என்று 150 கேள்வி. தனியார் கோச்சிங்குக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். உன் வட்டாரத்தில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? சனிக்கிழமைகளில் குறுவள மையத்தில் ஒரு அறையைத் திறந்துவிடு, ஏற்கெனவே தேறிய இளம் ஆசிரியர்களைச் சொல்லித்தரச் சொல், வருவார்கள். இவர்களைத் தனியாக விட்டுவிடாதேடி.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு வந்தால் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. இந்தக் கவருக்குள் அந்தக் காலண்டர் அட்டை மூன்றையும் வைத்திருக்கிறேன், உன் பள்ளிகளில் யாருக்காவது காட்டு. கால் அட்டையின் ஓரம் கிழிந்திருக்கும், ஓடி ஓடிப் பிள்ளைகள் கசக்கியது. இங்கே வேறு செய்துகொண்டோம், திருப்பி அனுப்பவேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழி
திருத்துறைப்பூண்டி