பஃப் பேனல் கூரை வளைந்தது, தரையும் அமுங்கியது: புகார்

ஐயா, வணக்கம்.

கப்பலூரில் எங்கள் ஐஸ்கிரீம் யூனிட்டுக்கு, இரண்டு தகட்டுக்கு நடுவே ஃபோம் ஊற்றிய பஃப் பேனல்களால் நீங்கள் போட்டுக்கொடுத்த கோல்டு ரூம் பற்றித்தான். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, இனி எழுத்திலேயே இருக்கட்டும்.

கண்ணாடி இழை சேர்த்த ஃபோம், சாதா பஃப் பேனலைவிட உறுதி என்று உங்கள் ஆள் அடித்துச் சொன்னதால்தான் கூடுதல் விலைக்கு ஒத்துக்கொண்டோம். சித்திரைத் திருவிழா வரை ஓடியது. அக்னி நட்சத்திரம் பிறந்ததும் கூரை பேனல்கள் மேல்நோக்கி வளைந்து, இணைப்பில் நகம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து, அது வழியாக ஈரக்காற்று இறங்கி உள்ளே பனி பிடிக்கிறது. சில இடங்களில் தகட்டைத் தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம். தரையில் சரக்கு அடுக்கும் ராக்கின் கால் நிற்கும் இடமெல்லாம் குழி.

சர்வீஸ் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கதவை ரொம்பத் திறக்குறீங்க" என்றார். கதவைத் திறந்தால் தரை எப்படிப்பா அமுங்கும் என்றேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

உங்கள் டெஸ்ட் ஷீட்டில் அமுக்க வலிமை என்று ஒரே ஒரு எண். ஃபோமை அமுக்கிச் சோதிக்கும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 844 முறையில், 23 டிகிரியில், புதுத் துண்டை 10 சதவீதம் நசுங்கும்வரை ஓரிரு நிமிடம் அமுக்கிப் பார்த்த அளவு அது. எங்கள் கூரையின் வெளித்தகடு மே வெயிலில் 60 டிகிரி, உள்தகடு மைனஸ் 20. நான்கு மீட்டர் பேனலில் இந்த 80 டிகிரி வித்தியாசத்துக்கே வெளித்தகடு கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் கூடுதலாக நீளும், அந்த இழுபறி முழுக்க நடுவில் இருக்கும் ஃபோம் தலையில்தான் விடியும், அதுவும் சூட்டில் இளகிப்போன ஃபோம். கூரைக்கு மேல் ஷெட் வேண்டாம் என்று சொன்னதும் உங்கள் இன்ஜினியர்தான்.

தரைக்கு வேறு கணக்கு. உடனே நசுக்காத சுமைகூட ராத்திரி பகலாக ஒரே இடத்தில் நின்றால் ஃபோமை மெல்ல மெல்ல இறக்கிவிடும். ராக் எடை, கால் தகடு அளவு எல்லாம் ஆர்டரோடு கொடுத்திருக்கிறோம், எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த இழை. பேனல் ஓரத்தைப் பிரித்தபோது பார்த்தேன், எல்லாம் தகட்டோடு தகடாகப் படுத்துக் கிடக்கிறது, அதுவும் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வெறும் ஃபோம். படுத்த இழை நீளவாக்கில் இழுத்தால் தாங்கும். மேலிருந்து அமுக்கினாலோ தகடு பெயர்ந்தாலோ பெரிதாக உதவாது. திரவ இயற்கை எரிவாயு ஏற்றும் மைனஸ் 163 டிகிரி எல்.என்.ஜி. கப்பலிலேயே இந்த இழை ஃபோம் இருக்கிறது என்று கேட்லாக்கில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். சரி, அங்கே அடர்த்தி கன மீட்டருக்கு 130 கிலோ அளவில். எங்களுக்கு வந்தது 40.

வளைந்த பேனல்களை மாற்றுங்கள், ராக் அடியில் அடர்த்தி கூடிய ஃபோம் போடுங்கள். புதிதாக வரும் சரக்குக்கு 60 டிகிரியிலும் மைனஸ் 20-லும் எடுத்த அளவு, நாள்பட்ட சுமைக்கான அளவு இரண்டும் எழுத்தில் வேண்டும். அதுவரை மீதிப் பணம் நிற்கும். இந்த முறை சேல்ஸ் ஆளை அனுப்ப வேண்டாம், ஃபோம் ஊற்றுகிறவரையே அனுப்புங்கள்.