சம்பளம் இல்லாத வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் போய்வந்த மென்பொருள் மாநாட்டை ஆட்கள் காசு வாங்காமல் நடத்துகிறார்கள் என்று சொன்னதும், "சம்பளம் இல்லாம யாரும்மா இதெல்லாம் மெனக்கெட்டுச் செய்வாங்க?" என்று கேட்டுவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் உனக்கு இன்னொரு கால் வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டொரான்டோவில் பனி கொட்டும் நேரத்தில் நிதானமாகப் படி.

நான் போன மாநாடு தரமணியில் ஒரு கல்லூரியில் நடந்தது. கட்டற்ற மென்பொருளை, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்து, திருத்தி, பகிரக்கூடிய நிரல்களைப் பயன்படுத்துகிறவர்கள் தாங்களே கூடி நடத்துவது. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் நேராகக் கொண்டுபோய் விடுகிறது, அலைச்சலே இல்லை. "ரிடையர் ஆனப்புறம் உனக்கு எதுக்கு கான்ஃபரன்ஸ்?" என்று அப்பா கிண்டல் செய்தார். மத்தியானம் தயிர்சாதம் உண்டா என்றும் அவரே கேட்டார்.

வாசலில் பெயர் பதியும் மேஜையில் இரண்டு காலேஜ் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் தண்ணீர் கேனைத் தோளில் சுமந்துகொண்டு போனார். கேட்டரிங் ஆள் என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து அதே மனிதர் மேடையேறி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஏன் சில சமயம் இண்டெக்ஸ் இருந்தும் அதைத் தொடாமல் முழு டேபிளையும் படிக்கிறது என்று பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பேசி முடித்ததும் மைக்கை அடுத்தவர் சட்டையில் மாட்டிவிட்டு, எச்டிஎம்ஐ அடாப்டர் தேடி ஓடினார். நீ கேட்ட 'யார்' இவர்தான். திங்கள்கிழமை எல்லாரையும் போல ஓஎம்ஆரில் ஒரு ஆபீசுக்குப் போகிறவர்.

இதைத் தர்ம காரியம் என்று நினைத்துவிடாதே. எனக்குத் தெரிந்தவரை இந்த மாதிரிக் கூட்டங்களின் ஆரம்பமே சுயநலம்தான். 1955-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து விமானக் கம்பெனிகள் ஐபிஎம் 704 என்ற இயந்திரத்துக்குக் காத்திருந்தன. அந்தக் காலத்தில் இயந்திரம்தான் வரும், அதில் ஓட்ட வேண்டிய நிரல்களில் பெரும்பகுதியை வாங்கினவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள், ஆனாலும் ஒரே நிரலை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுவது வீண் என்று 'ஷேர்' என்றொரு சங்கம் வைத்து, எழுதினதைப் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு வந்த எத்தனையோ சங்கங்களுக்கு அதுதான் முன்னோடி. நம் ஊரிலேயே லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் பயனர் குழு 1998-லிருந்து இருக்கிறது. பல வருஷம் ஐஐடி வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடினார்கள். நான் அப்போது அடையாறில் பஸ் மாறி ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன், ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

நான் வேலை முழுக்க லேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு நிரலில் பக்கம் கட்டினவள் என்பது உனக்குத் தெரியும். அதற்கு அடியில் இருக்கும் டெக், ஒரு மனிதரின் எரிச்சலில் பிறந்தது. டொனால்ட் குனூத் என்ற கணினி விஞ்ஞானி 1977-ல் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து, எழுத்து இவ்வளவு அசிங்கமாக இருக்கிறதே என்று நொந்து, தானே ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். எழுதினதை எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். அதில் பிழை கண்டுபிடித்தவர்களுக்குக் காசோலையும் அனுப்பினார். புத்தகத்தில் பிழை என்றால் 2.56 டாலர். அதை வங்கியில் போடாமல் ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினவர்களே அதிகம். அந்த நிரலின் பதிப்பு எண், ஒவ்வொரு முறையும் கணக்கில் வரும் பை-யின் மதிப்பை (3.14159...) நோக்கி ஒரு இலக்கம் நகரும். இதெல்லாம் கணக்குப் பைத்தியங்களின் விளையாட்டு என்று நீ சிரிப்பாய், சிரி. அந்த விளையாட்டில்தான் உன் ஸ்கூல் ஃபீஸ் கட்டினோம்.

என் சுயநலத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தமிழில் லேடெக்கில் அமைத்துக்கொண்டிருக்கிறேன் (வேர்டில் செய்யலாமே என்று செயலாளர் கேட்டார், முறைத்தேன்). 'தண்ணீர்த்தொட்டிப்பராமரிப்புச்செலவினம்' மாதிரி அவர் சேர்த்து எழுதும் சொல்லெல்லாம் வரியைத் தாண்டி ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். திரை முழுக்க 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்', அதாவது வரி நிரம்பி வழிகிறது என்ற எச்சரிக்கை. இங்கிலீஷ் என்றால் சொல்லை உடைத்து ஒரு கோடு போடும். தமிழ்ப் புத்தகத்தில் அந்தக் கோடு போடாமல் உடைப்பதுதான் நம் வழக்கம். ஆபீசில் நான் தமிழைத் தொட்டதே இல்லை, கேட்கவும் ஆள் இல்லை.

சாப்பாட்டு வரிசையில் இதைச் சும்மா புலம்பினேன். முன்னால் நின்ற பையன், மூன்றாம் வருஷம் இன்ஜினியரிங், தட்டோடு திரும்பி "லுவாலேடெக் ஓட்டிப் பாத்தீங்களா ஆன்ட்டி?" என்றான். லேடெக்கின் இன்னொரு வடிவம் அது. சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தோம். தமிழ்ச் சொற்களை எங்கே உடைக்கலாம் என்ற விதிகளை யாரோ எப்போதோ எழுதி டெக்கோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அதை எழுப்பிவிட ஒரு வரி, கோட்டை மறைக்க இன்னொரு வரி. கொம்பும் காலும் இடம் மாறாமல் உட்காருவதற்கு ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு இலவச நிரல். கால் மணி நேரத்தில் பக்கம் சுத்தமாகிவிட்டது. அந்த விதிகளை எழுதினவருக்கும் என்னை மாதிரி ஏதோ ஒரு அறிக்கை ஓரத்தில் நீட்டிக்கொண்டு நின்றிருக்கும், வேறென்ன! நாள் முழுக்க ஏசி அறையில் கேட்ட பேச்சுகளைவிட அந்தப் படிக்கட்டுதான் எனக்கு லாபம்.

அந்தப் பையனே என் பெயரைச் சாயங்காலத்து ஐந்து நிமிடப் பேச்சுகளின் பட்டியலில் எழுதிவிட்டான். சரி, ஏறிவிட்டேன். வெளிநாட்டு அறிவியல் இதழ்களில் எத்தனையோ பக்கங்கள் சென்னையில்தான் கட்டப்படுகின்றன என்றேன். அந்த ஹாலில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி. மணி அடித்து இறக்கிவிட்டார்கள். கை கொஞ்சம் நடுங்கியது, அதை அப்பாவிடம் சொல்லாதே.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். காலையில் விளம்பரதாரர் ஒருவர் வந்து, பேச்சு என்ற பெயரில் ஆள் எடுக்கும் நோட்டீசை வாசித்தார். பேசினவர்களில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடிவில் பொருளாளர் வரவு செலவைத் திரையில் போட்டுக் காட்டினார், சாப்பாட்டுக்குத்தான் பெரிய செலவு. நம் சங்கத்தில் கணக்கை இப்படித் திறந்து காட்டி நான் பார்த்ததில்லை. அப்புறம் அவர் அடுத்த வருஷம் வேலை செய்ய யார் வருகிறீர்கள் என்று கேட்டார். அதுவரை கலகலவென்று இருந்த ஹாலில் எல்லாரும் போனை எடுத்துப் பார்த்தார்கள்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் வந்தபோது நீ ராத்திரியெல்லாம் விழித்திருந்தாயே. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நிரல். அதை ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்துப்போயிருந்த சமயத்தில் உதவுகிறேன் என்று வந்த ஆள், இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்துப் பின்வாசல், அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒரு வழி, வைத்துவிட்டான். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ்காரர். லாகின் ஆக அரை வினாடி கூடுதலாகிறதே என்று தோண்டப்போய்க் கிடைத்தது. சம்பளம் இல்லாமல் செய்கிறார்களா என்பதில்லை என் கவலை, எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதுதான். அந்தத் தண்ணீர் கேன் மனிதர் ஐந்தாறு வருஷமாகச் சுமக்கிறாராம்.

2019-ல் நந்தம்பாக்கத்தில் பைத்தான் நிரல்மொழிக்காரர்களின் மாநாடான பைகான் இந்தியா நடந்தபோது நீ போய்வந்து லேப்டாப் மூடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டினாய். அதை நடத்தினவர்களும் இப்படிப்பட்டவர்கள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷம் முதன்முறையாகப் பேச விரும்பும் மாணவர்களின் பேச்சுச் சுருக்கங்களைப் படித்துத் திருத்திச் சொல்ல ஆள் தேடுகிறார்கள். ஆன்லைனில்தான், ஆளுக்கு ஐந்தாறு சுருக்கம் வருமாம். என் மகள் பைத்தானில் வேலை செய்கிறாள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உன் மெயில் ஐடியைக் கேட்டார்கள். உன்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்றேன். என் பெயரைக் கொடுத்தாயிற்று, லேடெக் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னால் முடியுமா முடியாதா என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். முடியாது என்றாலும் சொல்லிவிடு, அவர்கள் வேறு ஆள் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா