அந்தப் பந்து எப்போதோ விழுந்துவிட்டது

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
திங்கள் மத்தியானம்

அன்புத் தம்பிக்கு,

நலம். பணம் போட்டுவிட்டேன், இந்த வாரத்துக்குள் வந்துவிடும். சித்தி வீட்டு மொய் போக மிச்சத்தை அம்மா தன் கண்ணுக்குச் செலவழிக்கட்டும், தள்ளிப்போட வேண்டாம் என்று நீ எடுத்துச் சொல்.

ஊர் எப்படி என்று கேட்டிருந்தாய். ஈப்போவுக்கு வடக்கே கொஞ்ச தூரம். சுண்ணாம்புக்கல் மலைகள், அதை விட்டால் செம்பனை. ஒரு காலத்தில் எல்லாம் பால்மரக் காடாம், அதாவது ரப்பர். கோயில், பூக்கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் உண்டு, தெருவில் நம் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் இப்போது பங்களாதேஷ், இந்தோனேசியா ஆட்கள்தான் அதிகம். எனக்குக் கடையில் ராத்திரி ஷிஃப்ட். மாவு பிசைவது, தே தாரிக் ஆற்றுவது (இங்கே டீக்கு ‘தே’ என்றுதான் பேர்), மேசை துடைப்பது. டிவி மட்டும் ஓயாது.

அந்த டிவியில் நான் கோல்ஃப் பார்க்கிறேன் என்றால் சிரிப்பாய். காரணம் ஒரு பெரியவர். தோட்டத்தில் துரைமார் ஆடிய சின்ன மைதானத்தில், பையனாக இருந்தபோது பை தூக்கியவர். அமெரிக்காவில் ஞாயிறு சாயங்காலம் முடிகிற ஆட்டம் நமக்குத் திங்கள் காலை ஏழு மணி. விடியுமுன்னே வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் யாரோ ஒருத்தன் பந்தைத் தூரத்திலிருந்து குழிக்கு உருட்டிவிடக் குனிந்தான். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "விழுந்துடும். ஒரு தே பந்தயம்" என்றார். விழுந்தது. இன்னொருத்தன் மணல் பள்ளத்திலிருந்து அடித்தான். அதற்கும் அதே பந்தயம், அதுவும் விழுந்தது.

ரகசியத்தை அப்புறம்தான் சொன்னார். உனக்கு உடனே புரியும். கடைசி நாளிலும் ஐம்பது, அறுபது பேர் மைதானம் முழுக்கச் சிதறி ஆடுகிறார்கள். பாதி நேரம் அவர்கள் நடக்கத்தான் செய்கிறார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் டைரக்டர் முன்னால் வரிசையாக மானிட்டர்கள். நீ கல்யாண மண்டபத்தில் வீடியோ மிக்ஸிங் போடுவாயே, அதையே ஊர் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள். ஒரு வித்தியாசம், அவர்கள் முன்னால் நடந்ததையும் இப்போது நடப்பது போல நடுவில் சொருகுவார்கள். அரை மணி நேரமாகக் காட்டாத ஒருத்தனைத் திடீரென்று காட்டினால், அவன் ஏதோ பெரிதாகச் செய்து முடித்துவிட்டான் என்று அர்த்தம். தவறவிட்ட அடியை டைரக்டர் எதற்கு எடுத்துவைத்துக் காட்டப்போகிறார்? நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் பந்து எப்போதோ குழியில் விழுந்து, ஆள் அடுத்த குழிக்கே போயிருப்பான். கல்லாவில் இருக்கும் பையன் போனில் ஸ்கோர் பார்த்து முந்திக்கொண்டு சொல்லுவான், பெரியவரிடம் திட்டு வாங்குவான்.

இந்தப் பதற்றத்துக்கே அடித்தளம் போட்டவர் அமெரிக்க டிவி நிறுவனமான சி.பி.எஸ்ஸின் ஃபிராங்க் சிர்கினியன் என்று சொல்வேன். ஒருத்தன் பத்தாவது குழியில் இருக்கிறான், இன்னொருத்தன் பதினாறில். கோல்ஃபில் குறைந்த தடவை அடித்து முடிப்பவனுக்குத்தான் வெற்றி. இதுவரை மொத்தம் எத்தனை அடி அடித்தான் என்று போட்டால் யார் முன்னால் என்று யாருக்குத் தெரியும்? 1960 மாஸ்டர்ஸ் போட்டியில் அவர் அதை மாற்றினார். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு, அதற்குப் பேர் பார். அந்தப் பாருக்கு எத்தனை கீழே, எத்தனை மேலே என்று மட்டும் காட்டினார். எங்கெங்கோ நிற்கிறவர்கள் ஒரே ஓட்டப்பந்தயத்துக்குள் வந்துவிட்டார்கள். அப்புறம் வந்ததெல்லாம் இதற்கு மேல் பூச்சு என்பது என் கணக்கு. பந்து போகும் பாதையைக் கோடாக வரைந்து காட்டும் டாப்டிரேசரும்கூட. அந்தக் கோடு அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை.

பூச்சு சில சமயம் எல்லை மீறும். 2000-இல் அதே சி.பி.எஸ்., பதிவு செய்த பறவைச் சத்தத்தை ஒளிபரப்பில் கலந்ததாக ஒப்புக்கொண்டது. அந்த இடத்தில் அந்தப் பருவத்தில் இருக்காத பறவை கூவுகிறதே என்று பறவை பார்க்கிறவர்கள் பிடித்துவிட்டார்கள்! நீ கெட்டிமேளத்தை வேறு கல்யாணத்திலிருந்து எடுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது.

ஆனால் வெட்டி ஒட்ட முடியாத ஒரு இடம் இருக்கிறது. கடைசி ஜோடி கடைசிக் குழிக்கு வந்துவிட்டால், தாவிப் போக வேறு ஆள் கிடையாது. 1999-இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பன் போட்டி. பிரான்ஸ்காரர் ழான் வான் டி வெல்டே மூன்று அடி முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்தார். ஆறு அடியில் முடித்தாலே கோப்பை. இரண்டாவது அடி பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பிப் புல்லில் விழுந்தது, மூன்றாவது ஓடைக்குள். மனிதர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, அங்கிருந்து அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். கேமராவுக்கு வேறு வழியில்லை, நின்று பார்த்தது. கடைசியில் ஏழு அடி, முன்னிலை போய் சமநிலை. அதைத் தீர்க்க ஆடிய பிளே-ஆஃபில் வென்றது பால் லாரி. அன்று காலை பத்து அடி பின்தங்கியிருந்து, ஆட்டத்தை எப்போதோ முடித்துவிட்டுக் காத்திருந்தவர். பெரியவர் இதைச் சொன்ன ராத்திரியே யூடியூபில் தேடிப் பார்த்தேன். முடிவு தெரிந்தும் எனக்குக் கை வேர்த்தது. சொருகிக் காட்டும் எந்த அடிக்கும் அப்படி ஆகவில்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய கல்யாண வீடியோவில், தாலி கட்டும்போது மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சுக்குத் தடுமாறுகிறான், அவன் அக்கா கை நீட்டுகிறாள். அந்த நேரம் பார்த்து ட்ரோன் ஷாட்டுக்குத் தாவிவிட்டாயே! அந்த ஃபுட்டேஜை வெட்டாமல், மூன்று கேமராவையும் தனித்தனியாக அனுப்பு. பெரியவரிடமும் காட்டுகிறேன், அவர் எங்கே வெட்டச் சொல்கிறார் என்று பார்ப்போம். ஃபைல் பெரிதாக இருந்தால் ராத்திரி ஏற்று, இங்கே கடை வைஃபை விடியற்காலையில்தான் வேகம்.

உன் அண்ணன்