மூன்று பேக்கேஜ் போட்டால் எம்விசி ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஜாவா வெப் அப்ளிகேஷன் பற்றி வந்த கட்டுரை, நிரலை மாடல் (தரவும் கணக்கு விதிகளும்), வியூ (திரையில் காட்டுவது), கன்ட்ரோலர் (பயனர் கோரிக்கையை வாங்கி மற்ற இரண்டையும் இணைப்பது) என மூன்று பேக்கேஜாகப் பிரித்தாலே எம்விசி அமைப்பு வந்துவிடும் என்ற எண்ணத்தைத் தருகிறது. புதிதாகப் படிப்பவர்கள் அதை அப்படியே நம்பிவிடக்கூடும்.

பிரிவு உண்மையில் நடந்திருக்கிறதா என்று அறிய, மாடல் கிளாஸ்களின் இம்போர்ட் வரிகளைப் பார்த்தால் போதும். அங்கே சர்வ்லெட் (பிரவுசர் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) சம்பந்தப்பட்ட ஒரு வரி இருந்தாலும் பிரிவு உடைந்துவிட்டது. ஆர்டர் தொகையைக் கணக்கிடும் மெத்தட், பிரவுசர் கோரிக்கையைத் தாங்கிய ரெக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டை வாங்கினால், அதே கணக்கை இரவில் ஓடும் பேட்ச் வேலையிலிருந்து அழைக்க முடியாது. ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியில் சோதிக்கவும் போலி ரெக்வெஸ்ட் ஒன்று செய்ய வேண்டியிருக்கும். படிவத்தில் வந்த எழுத்தை எண்ணாக மாற்றுவதும், மாறாவிட்டால் பிழை சொல்வதும் கன்ட்ரோலரின் பொறுப்பு. கேட்ட அளவு சரக்கு இருப்பில் இல்லை என்று சொல்வது மாடலின் பொறுப்பு. இந்த இரண்டு வகைச் சரிபார்ப்பையும் ஒரே இடத்தில் போடுவதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

கன்ட்ரோலர் குட்டையாக இருக்கட்டும்: பாராமீட்டரை எடு, மாற்று, மாடலை அழை, விடையை ரெக்வெஸ்ட் ஆட்ரிபியூட்டில் வை, வியூவுக்கு ஃபார்வர்ட் செய். ஃபார்வர்டுக்குப் பின் ரிட்டர்ன் எழுத மறந்தால் கீழே உள்ள கோடும் ஓடும். அங்கே இன்னொரு ஃபார்வர்ட் இருந்தால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். பொதுவாக ஒரே சர்வ்லெட் ஆப்ஜெக்ட்டைத்தான், ஒரே நேரத்தில் வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் எல்லாத் த்ரெட்களும் பயன்படுத்துகின்றன. கிளாஸ் மட்டத்து வேரியபிளில் பயனர் விவரத்தை வைத்தால் ஒருவருடைய விவரம் மற்றவர் திரையில் வந்து நிற்கும். தனியாகச் சோதிக்கும்போது இது தெரியாது என்பதுதான் கொடுமை. டேட்டாவை மாற்றும் போஸ்ட்டுக்குப் (படிவத்தை அனுப்பும் கோரிக்கை) பின் ஃபார்வர்ட் செய்யாமல், பிரவுசரை வேறு முகவரிக்குப் போகச் சொல்லி ரீடைரக்ட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்கிறவர் இரண்டாவது ஆர்டரும் போட்டுவிடுவார்.

வியூவாக இருக்கும் ஜேஎஸ்பி ஃபைல்களை, பிரவுசரால் நேராகத் திறக்க முடியாத வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் வையுங்கள். வெளியே இருந்தால் யாரும் கன்ட்ரோலரைத் தாண்டி நேராகத் திறந்துவிடலாம். ஜேஎஸ்பியில் டாலர், நெளிவு அடைப்புக்குறி போட்டு எழுதும் எக்ஸ்பிரஷன், எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் எஸ்கேப் வேலையைத் தானாகச் செய்வதில்லை. பயனர் தட்டியதைக் காட்டும்போது ஜேஎஸ்டிஎல் டேக் தொகுப்பின் அவுட் டேக் வழியாகவே காட்ட வேண்டும். ஜேஎஸ்பிக்கு மாற்றான தைம்லீஃப்பின் டெக்ஸ்ட் ஆட்ரிபியூட் அதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

கட்டுரை தொடாத சிக்கல் ஒன்று உண்டு. ஹைபர்னேட் (ஜாவா ஆப்ஜெக்ட்களை டேட்டாபேஸோடு இணைக்கும் கருவி) என்டிட்டியை, அதாவது டேபிளின் ஒரு வரிசையைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்டை, அப்படியே வியூவுக்குக் கொடுத்தால், திரை வரையும்போதே டேட்டாபேஸுக்குக் கேள்விகள் போகும். 50 ஆர்டர்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வாடிக்கையாளர் என்றால், பெயரை லேஸியாக, அதாவது தேவைப்படும்போது மட்டும், ஏற்றும்போது மொத்தம் 51 கேள்விகள்: பட்டியலுக்கு ஒன்று, பெயர்களுக்கு 50. ஸ்பிரிங் பூட் ஃபிரேம்வொர்க்கில், திரை வரைந்து முடியும் வரை ஹைபர்னேட் செஷனைத் திறந்து வைக்கும் ஓப்பன்-இன்-வியூ இயல்பாகவே ஆன் ஆக இருப்பதால் இது வெளியே தெரிவதில்லை. அதை ஆஃப் செய்தால் லேஸிஇனிஷியலைசேஷன்எக்ஸெப்ஷன் வரும். பலர் பதறிப்போய் மீண்டும் ஆன் செய்கிறார்கள். அந்தப் பிழையோ, எந்தத் தகவலை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும் என்று இடம் சுட்டிச் சொல்கிறது. ஆர்டரையும் வாடிக்கையாளரையும் ஒரே கேள்வியில் எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போடுங்கள், அல்லது திரைக்குத் தேவையான ஃபீல்டுகள் மட்டும் கொண்ட தனி கிளாஸ் ஒன்றை அனுப்புங்கள். படிவத்திலிருந்து வாங்குவதற்கும் தனி கிளாஸ் வேண்டும். படிவத்தில் வந்த மதிப்புகளை என்டிட்டியோடு நேராகப் பைண்ட் செய்து நிரப்பினால், நிர்வாகி உரிமைக்கான ஃபீல்டையும் வெளியாள் சேர்த்து அனுப்பிவிட முடியும்.

எம்விசி, ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியின் டெஸ்க்டாப் நிரல்களுக்காக 1979-இல் கணினி விஞ்ஞானி ட்ரிக்வே ரீன்ஸ்காக் வகுத்த அமைப்பு. அங்கே மாடல் மாறியதும் வியூவுக்குத் தகவல் போகும். ஜேஎஸ்பியில் பக்கம் அனுப்பியதோடு தொடர்பு முடிந்தது. கட்டுரையில் வந்த படத்தில் மாடலிலிருந்து வியூவுக்குப் போகும் அம்புக்குறி, வெப்புக்குப் பொருந்தாது. அதைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜாவா நிரலாளர் ஒருவர்