பிழைக்கத் தெரியாதவங்கன்னு சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து நம்ம பேப்பரைத் தொறந்தா பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைங்க போட்டோவும் மார்க்கும் தான், ரோட்டுல போனா கோரிப்பாளையத்துல இருந்து காளவாசல் வரைக்கும் கோச்சிங் சென்டர் பிளக்ஸ் வேற. ரேங்க் அறிவிக்கிறதை 2017லயே கவர்மெண்ட் நிறுத்திருச்சு, நாம தான் இன்னும் விடல. படிச்ச பிள்ளையைப் பாராட்டுறது தப்புன்னு சொல்ல வரல, என் மகளும் இந்த வருஷம் தான் பரீட்சை எழுதுனா, அவ மார்க்கைப் பார்த்து எனக்கும் சந்தோஷம் தான். ஆனா இப்படி மார்க்கை வச்சு ஆளை அளக்குறது பதினேழு வயசோட நிக்க மாட்டேங்குதே, அது தான் என் வருத்தம். கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தா பக்கத்து இலைக்காரங்க கேக்குறது பையன் எங்க இருக்கான், என்ன பேக்கேஜ், வீடு சொந்த வீடா, எத்தனை சென்ட், இவ்வளவு தான். அந்தப் பையன் தனக்குக் கீழ வேலை பாக்குறவங்ககிட்ட எப்படிப் பேசுறான், வயசான அப்பத்தாவை வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் எட்டிப் பாக்குறானான்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. அப்படிப் பாக்குறவன், அடுத்தவங்களுக்காக ஓடுறவன் இருந்தா அவனுக்கு நாம வச்சிருக்குற பேரு பிழைக்கத் தெரியாதவன்.

எங்க பெரியப்பாவை சொந்தக்காரங்க கடைசி வரைக்கும் அப்படித் தான் சொன்னாங்க. மில்லுல வேலை பார்த்தவரு, செல்லூர்ல ஒத்தை ரூம் வீடு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து கண்ணை மூடுற நேரத்துல யாராச்சும் கதவைத் தட்டி, பெரியாஸ்பத்திரிக்குப் போகணும் கூட வாங்கன்னு கூப்பிட்டா சட்டையை மாட்டிட்டுக் கிளம்பிருவாரு. ஓ.பி. சீட்டு எங்க போடுறது, ஸ்கேன் எந்தக் கட்டடம், ரத்தம் வேணும்னா யாரைப் பாக்குறதுன்னு எல்லாம் அவருக்கு அத்துப்படி. பெரியாஸ்பத்திரிக்கு மதுரைக்காரங்க மட்டுமா வர்றாங்க, தேனி, சிவகங்கை, ராமநாதபுரம்னு எல்லாப் பக்கம் இருந்தும் வர்றாங்க, ராத்திரி பஸ்ல வந்து எறங்கி எந்த வாசல்ல நுழையிறதுன்னே தெரியாம பையைக் கட்டிப்பிடிச்சிட்டு நிப்பாங்க, கூட்டிட்டுப் போன ஆளை வார்டுல சேர்த்ததுக்கு அப்புறம் இவங்களையும் விசாரிச்சு அழைச்சிட்டுப் போய் விட்டுட்டுத் தான் வீட்டுக்கு வருவாரு. பெரியம்மா சத்தம் போடும், உங்களுக்கு மட்டும் ஒடம்பு இரும்பான்னு. அதே பெரியம்மா தான் மறுநாள் கஞ்சி காய்ச்சி தூக்குல ஊத்தி அந்த வார்டுக்குக் கொடுத்து விடும்.

இதுக்கெல்லாம் பலன் வந்துச்சான்னு கேட்டா, வரல. தர்மம் தலைகாக்கும்னு சொல்லுவோம், அவருக்குக் கடைசிக் காலத்துல மூட்டுவலியும் கூட்டுறவு சொசைட்டிக் கடனும் தான் மிச்சம், அவரால பிழைச்சவங்கள்ல பாதிப் பேருக்கு அவர் பேரு கூடத் தெரியாது. அதனால அவர் வாழ்க்கையில தோத்துட்டாருன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நல்லது பண்ணா நல்லது திரும்பி வரும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்குறதே எனக்குப் பிடிக்கல, திரும்பி வரலைன்னா அது வீண்னு தான அர்த்தம் ஆகுது.

அழகர்கோயில் ரோட்டுப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை எல்லாருக்கும் தெரியும். கூலி வேலைக்குப் போன அம்மா, எழுதப் படிக்கத் தெரியாது, கந்துவட்டியில மாட்டிக்கிட்டுத் தவிச்ச பொம்பளைங்களைச் சேர்த்து களஞ்சியம்னு சேமிப்புக் குழுவை ஊர் ஊரா வளர்த்தாங்க, 2001ல டெல்லியில விருது கொடுத்தப்ப பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டுக் கும்பிட்டாரு, 2019ல பத்மஸ்ரீ வந்துச்சு. இவ்வளவு இருந்தும் அவங்களுக்கு சொந்தமா ஒரு நல்ல வீடு இல்லாம இருந்துச்சு, 2024ல தான் முதலமைச்சர் வீடு கட்டித் தர உத்தரவு போட்டாரு. பந்தியில கேக்குற கேள்வியை அந்த அம்மாகிட்ட கேட்டா அவங்க பெயில். அப்போ தப்பு கேள்வியில தான இருக்கு?

இரக்கம் உள்ளவனால பெருசா எதையும் கட்டி நிமித்த முடியாதுன்னு வேற சிலர் சொல்லுவாங்க. மதுரையில இருந்துக்கிட்டு இதைச் சொல்லலாமா? டாக்டர் வெங்கடசாமி கவர்மெண்ட் வேலையில ரிட்டயர் ஆகி 1976ல 11 பெட்டோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிக்கும்போது அவருக்கு 58 வயசு, முடக்குவாதத்துல கைவிரல் எல்லாம் கோணிப் போயிருந்துச்சு, அந்த விரலை வச்சுக்கிட்டே கத்தியைப் பிடிக்கப் பழகி கண் ஆபரேஷன் பண்ணவரு. பணம் கட்டுறவங்ககிட்ட வர்ற வருமானத்துல இல்லாதவங்களுக்கு இலவசமா பாக்குறது, காசு கட்டுனவங்களுக்கும் கட்டாதவங்களுக்கும் அதே டாக்டருங்க மாறி மாறி பாக்குறதுன்னு ஏற்பாடு. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வந்து எட்டாத விலையில இருந்தப்ப, 1992ல ஆரோலேப் ஆரம்பிச்சு அதை இங்கயே செஞ்சு விலையைக் குறைச்சாங்க. இரக்கம்னா அய்யோ பாவம்னு உச்சுக்கொட்டுறது மட்டும் இல்ல, அடுத்தவங்க கஷ்டத்தைத் தீர்க்க மூளையையும் உழைப்பையும் போடுறது, அதுக்குத் திறமை வேணும், நம்ம பிள்ளைங்க எடுக்குற மார்க்குக்கும் அங்க வேலை இருக்கு.

கொடிக்குளம் ஆயி பூரணம் அம்மாளைப் பத்தி 2024ல எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு, பேங்க்ல கிளார்க், கோடிக்கணக்குல விலை போற ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை கவர்மெண்ட் ஸ்கூலுக்கு எழுதிக் கொடுத்து, எறந்து போன மகள் ஜனனி பேரை மட்டும் வைக்கச் சொன்னாங்க. அந்தச் செய்தியை நான் வெட்டி எடுத்து வச்சிருக்கேன்.

இனி உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ரிசல்ட் வர்ற வாரத்துல மார்க் பக்கத்தோட கால் பக்கமாச்சும் இதுக்கு ஒதுக்குங்க. பார்வை இல்லாத மாணவருக்கு ஸ்கிரைபா போய் காலேஜ் பரீட்சை எழுதிக் கொடுத்துட்டு வர்ற பசங்க நம்ம ஊர்ல இருக்காங்க, தன் பரீட்சை நடக்கும்போது பக்கத்து வீட்டு சின்னப் பிள்ளைக்கு உக்காந்து கணக்கு சொல்லிக் கொடுத்த பொண்ணுங்க இருக்காங்க. ஆனா செஞ்சவங்க போட்டோவைப் போடாதீங்க, போட்டோ வருதுன்னா அதுக்காகவே செய்ய ஒரு கூட்டம் கிளம்பிரும், பிஸ்கட் பாக்கெட் கொடுத்துட்டு வாங்குறவங்க மூஞ்சியையும் சேர்த்து ஸ்டேட்டஸ்ல போடுறதைப் பார்த்து மனசு வலிக்குது. உதவி வாங்கினவங்க எழுதுற கடிதமா வரட்டும், அவங்களுக்கு இஷ்டம் இருந்தா பேரு போடட்டும், இல்லைன்னா ஊர் பேரு போதும். எழுதத் தெரியாதவங்க சொன்னா எழுதிக் கொடுக்க நான் தயாரா இருக்கேன், என் மகளும் வர்றேன்னு சொல்லியிருக்கா. ஜூன்ல ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள ஆரம்பிச்சீங்கன்னா ரொம்ப நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.